நானாப் பார்த்து விட்டது

உலகத்தில் ஆடத் தெரிந்தவர்கள் உண்டு. ஆடத் தெரியாதவர்கள் உண்டு. ஆடத் தெரியாமல் கூடம் கோணல் என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்த மூன்று வகையிலும் அடங்காமல் நான்காவதாக ஒரு வர்க்கம் நம்மிடையே வேட்டி கட்டிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, நல்ல மனிதர் என்ற பெயரோடு நடமாடிக்கொண்டிருக்கிறது. இந்த வர்க்கத்தார் ஆடுவார்கள். ஆனால் தோற்க மாட்டார்கள். அப்படியானால் ஜெயிப்பார்கள் போலிருக்கிறது என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். அந்தப் பழக்கமும் அவர்களுக்குக் கிடையாது. அவர்கள் விட்டுக்கொடுப்பார்கள்.

தாயக்கட்டம், ஆடுபுலி, சீட்டு, கேரம், எதை வேண்டுமானாலும் முன்னால் வையுங்கள். மற்றவர்களைப் போலத்தான் சம்மணம் போட்டு உட்காருவார்; காய் வெட்டுப்பட்டால் மற்றவர்களைப் போலத்தான் முகம் சுண்டும்; ஆனால் ஆட்டம் கையை விட்டுப் போகிற நேரம் பாருங்கள், அப்போது ஆசாமிக்கு எங்கிருந்தோ ஒரு சாந்தம் வரும், துண்டை உதறி மறு தோளுக்கு மாற்றுவார், காய்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சுற்றி நிற்பவர்களைப் பார்க்கத் தொடங்குவார், உதட்டோரத்தில் அன்னதானம் செய்கிறவருக்கு வருகிற மாதிரி ஒரு சிரிப்பு வரும், கடைசிக் காயும் போனதும் திருவாய் மலர்ந்தருளுவார்: "நானாப் பார்த்து விட்டதுதான்."

அவ்வளவுதான். ஜெயித்தவன் கதி என்ன? முக்கால் மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஜெயித்தவன், தர்மம் வாங்கினவன் மாதிரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் இந்த வர்க்கத்தின் அசல் வித்து ஒருவர் இருந்தார். சங்கரசுப்பு என்று பெயர். பஸ் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு. காலை பஸ்ஸுக்கும் சாயங்கால பஸ்ஸுக்கும் விசில் ஊதி அனுப்பிவைக்கிற உத்தியோகம். இரண்டு சாமிகளில் எந்தச் சாமி பெரிது என்று தகராறு வந்தபோது, பாதி இதுவாகவும் பாதி அதுவாகவும் நின்று ஒருவரும் தோற்காமல் சாமியே காப்பாற்றிவிட்ட ஊர் அல்லவா? அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவருக்குத் தோற்க மனம் வராததில் ஆச்சரியம் என்ன?

பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சையில் அவர் தேறவில்லை. "பக்கத்துல இருந்தவன் பாவப்பட்ட பய. ரெண்டு பேரும் பாஸானா வேலைக்குப் போட்டி வந்துரும்னு விட்டேன்" என்பார். ரயில் தவறிப்போனால், "கூட்டமா இருந்தது. நிக்கிறவன் உக்காரட்டும்னு விட்டேன்." கல்யாணத்தின்போது குடத்துக்குள் மோதிரத்தைப் போட்டு மாப்பிள்ளையையும் பெண்ணையும் தேடச் சொல்வார்களே, அதில் பார்வதியம்மாள் மூன்று தடவையும் மோதிரத்தை எடுத்துவிட்டாள். சுற்றியிருந்த பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "பொம்பளப்பிள்ள, மனசு வாடிரும்லா" என்றார் மாப்பிள்ளை. பார்வதியம்மாளுக்கு அந்த நிமிஷமே, தனக்கு வாய்த்தவர் எப்பேர்ப்பட்டவர் என்று விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பெருந்தன்மை அரங்கேறுகிற இடம், யாகூப் சைக்கிள் கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடி. அங்கே ஆடுபுலிக் கட்டம் கொத்திய கல் ஒன்று கிடந்தது. ஒருவருக்கு மூன்று புலி, மற்றவருக்குப் பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் கூடி நின்று புலியை நகரவிடாமல் கட்டும். ஏழு ஆடு போனால் புலிக்கு ஜெயம். மூன்று புலியும் கட்டுப்பட்டால் ஆட்டுக்கு ஜெயம். இது ஊரறிந்த விளையாட்டு. வேப்பமரத்தடியில் மட்டும் இன்னொரு சட்டம் உண்டு: இழந்தவர் குடிக்க வேண்டும். ஆடு ஒன்று போனால் ஆட்டுக்காரர் ஒரு பட்டை, புலி ஒன்று கட்டுப்பட்டால் புலிக்காரர் ஒரு பட்டை. பட்டை என்பது பனையோலையைக் குவித்து மடித்தது. இரண்டு கையாலும் ஏந்த வேண்டும்.

மதுவிலக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பட்டையில் ஊற்றியது கள். அந்தக் காலத்தில் தோற்பதற்குத்தான் போட்டி. ஆடுகள் தாமாகவே நடந்துபோய்ப் புலி வாயில் விழுந்தன. புலிகள் மூலையைத் தேடிப்போய்க் கட்டுப்பட்டு நின்றன. சங்கரசுப்பு ‘விட்டேன்’ என்று சொன்னதை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பிறகு சர்க்கார் கள்ளை நிறுத்தியது. கூட்டம் பதனீருக்கு மாறியது. பதனீர் சாதுவான வஸ்துதானே என்கிறீர்களா? முதல் பட்டை அமிர்தம். இரண்டாவது இனிப்பு. மூன்றாவது கடமை. நாலாவதில் வயிறு பேச ஆரம்பிக்கும். ஆறாவதில் தீர்ப்பே சொல்லிவிடும். அதன்பின் தோற்பதற்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. சங்கரசுப்பு மட்டும் வாரம் தவறாமல் விட்டுக்கொடுத்து, வாரம் தவறாமல் குடித்து, திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குச் சோர்ந்துபோய் விசில் ஊதினார்.

அவரோடு வழக்கமாக ஆடுகிற சோடாக்கடை தங்கசாமி நல்ல மனிதர். "சரி அண்ணாச்சி, நீங்க விட்டதாவே இருக்கட்டும். பட்டையைப் பிடிங்க" என்று முடித்துவிடுவார். ஆனால் உலகத்தில் எல்லாரும் தங்கசாமி ஆகிவிட முடியுமா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தங்கை வள்ளித்தாயைக் கட்டிக்கொடுத்த புதிதில், மாப்பிள்ளை பெருமாள்சாமி விருந்துக்கு வந்திருந்தார். இளையரசனேந்தல் பக்கம் கரிசல் புஞ்சையும் மாடு கன்றும் உள்ள சம்சாரி. மானம் பார்த்த பூமியில் பாடுபடுகிறவர்; வானம் கொடுப்பதைத் தவிர வேறு யார் கொடுத்தும் வாங்கிப் பழக்கமில்லாதவர். சங்கரசுப்பு மாப்பிள்ளையை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கல்லுக்கு முன்னால் உட்காரவைத்தார். மாப்பிள்ளை ஜெயித்தார். முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார். சங்கரசுப்பு துண்டை உதறித் தோள் மாற்றிக்கொண்டு, எட்டுப் பேர் முன்னிலையில், "புது மாப்பிள்ளைலா, நானாப் பார்த்து விட்டேன்" என்றார்.

பெருமாள்சாமியின் பல் உள்ளே போயிற்று. தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எனக்கு ஒருத்தரும் விட்டுத்தர வேண்டாம்வே" என்றார். வீட்டுக்கு வந்தார். "வள்ளி, கெளம்பு." அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அது இறங்குவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அதோடு சரி. பொங்கலுக்கு வரவில்லை. ஆடித்தபசுக்குச் சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் வந்து தெருவை அடைத்துக்கொள்ளுமே, அதற்கும் வரவில்லை. நாத்தனார் வரவில்லையே என்று அண்ணி கண்ணைக் கசக்குகிற அதிசயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் அந்த வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். பார்வதியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. தாயும் தகப்பனும் போனபிறகு வள்ளித்தாய்க்குப் பத்து வயதிலிருந்து தலை பின்னிவிட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி ஊற்றி, சடங்கு சுற்றி, கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்தவள் அவள்தான்.

இப்போது வள்ளித்தாய்க்கு எட்டு மாதம். தலைப்பிரசவம். அண்ணன் வீடுதானே அவளுக்குத் தாய்வீடு? தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வராவிட்டால் ஊர் சிரிக்கும் என்பது கிடக்கட்டும். பெருமாள்சாமி வீட்டில் மாமியாரும் இல்லை, பேறுகாலத்துக்குப் பக்கத்தில் இருக்க ஒரு பெண்பிள்ளையும் இல்லை. பார்வதியம்மாள் சாமிக்கு நேர்ந்துகொண்டாள். பிறகு, சாமியை மட்டும் நம்பியிருக்காமல் யாகூபைச் சைக்கிளில் இளையரசனேந்தலுக்கு அனுப்பினாள்.

யாகூப் சாயங்காலம் செம்மண்ணும் கரிசல் மண்ணுமாகத் திரும்பி வந்தார்.

"வைகாசி முதல் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாராராம். ஆனா ஒண்ணு, மைனி. வண்டி நேரா வேப்பமரத்துக்குத்தான் வரும். அந்தக் கல்லுல ஒரு ஆட்டம் ஆடணுமாம். மச்சான் மெய்யா ஆடணும், விட்டுக்கொடுத்தார்னு துளி தெரிஞ்சாலும் வண்டி அப்படியே திரும்பிரும்னு சொல்லுதாரு."

"மாப்ள தோத்துப்போனா?"

யாகூப் தாடியைச் சொறிந்தார். "தோத்தாலும் திரும்பிரும்னுதான் எனக்குத் தோணுது. வாயால சொல்லல."

பார்வதியம்மாள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. புருஷனுக்குச் சோறு போடும்போது சொன்னாள்:

"இந்தாங்க, நீங்க புதுசா ஒண்ணும் செய்ய வேண்டாம். எப்பவும் போல ஆடுங்க. அது போதும்."

சங்கரசுப்புவின் கை பாதி வழியில் நின்றது. "எப்பவும் போலன்னா?"

"எப்பவும் போலன்னா எப்பவும் போலத்தான். ஆடி முடிச்சதும் வாயை மட்டும் தொறக்காதீங்க. ரசம் ஊத்தட்டா?"

எத்தனையோ ஆட்டத்தில் எத்தனையோ ஆட்டைப் பறிகொடுத்தவருக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கவில்லை. தாலி கட்டினவள் இந்த விஷயத்தில் தன்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. வேப்பமரத்துக்கு எதிர்ப்பக்கத்து நிழலில் மாட்டை அவிழ்க்காமலே நிறுத்தினார் பெருமாள்சாமி. கூண்டுக்குள் வைக்கோல் மெத்தையில் வள்ளித்தாய் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்து, கால் இரண்டும் வீங்கியிருந்தது. பார்வதியம்மாள் ஓடிப்போய்ச் செம்புத் தண்ணீரை நீட்டினாள். இறக்கிக் கூட்டிப்போகத்தான் உத்தரவில்லையே! இரண்டு பெண்களும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஆண்பிள்ளைகள் கல்லைச் சுற்றி உட்காருவதைப் பார்த்தார்கள். இவர்கள் இரண்டு பேரிடமும் விட்டிருந்தால் அந்த விவகாரம் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே குழம்பு ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

பெருமாள்சாமி புலியை எடுத்துக்கொண்டார். சங்கரசுப்புக்கு ஆடு. தங்கசாமி பதனீர்ப் பானையோடு நடுவில் உட்கார்ந்தார்.

சங்கரசுப்பு எப்பவும் போல ஆடத்தான் உட்கார்ந்தார். அதற்கேற்ப முதல் கால் மணி நேரத்துக்குள் மூன்று ஆடு போய், மூன்று பட்டை உள்ளே இறங்கியது. அதன் பிறகுதான் விபரீதம் ஆரம்பமாயிற்று. வழக்கமாக ஆட்டத்தின்போது அவருடைய புத்தியில் பாதி, தோற்றதும் என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருக்கும். மறு பாதி, கேட்கப்போகிறவர்கள் முகத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும். கல்லுக்கு மிச்சம் ஏது? இன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று ஆகிவிட்டதால் கண்ணுக்கு வேறு ஜோலி இல்லை. அது கல்லைப் பார்த்தது. அடடா, அந்தக் கல்லில்தான் எத்தனை வழி! எந்த ஆட்டுக்குப் பின்னால் எந்த ஆடு நின்றால் புலி தாண்ட முடியாது என்பது, விளக்குப் போட்டுக் காட்டின மாதிரி தெரிந்தது.

ஒரு புலி கட்டுப்பட்டது. பெருமாள்சாமி ஒரு பட்டை குடித்தார். இரண்டாவது புலியும் கட்டுப்பட்டது. யாகூப் பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டு எழுந்து வந்தார். தங்கசாமி, ஊற்றின பட்டையை யாரிடம் கொடுப்பது என்று மறந்து தானே குடித்துவிட்டார். பாக்கி ஒரே ஒரு புலி. அது தாவுவதற்கு ஒரே ஒரு காலி இடம். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சங்கரசுப்புவின் ஆடு ஒன்று சும்மா நின்றுகொண்டிருந்தது. ஒற்றை விரலால் அதைத் தள்ளினால் ஆட்டம் முடிந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. யுத்தம் ஆரம்பித்த வருஷத்திலிருந்து இந்தக் கல்லுக்கு முன்னால் உட்காருகிறார். ஒரு தடவை கூட, ஒரே ஒரு தடவை கூட இந்த இடத்துக்கு வந்ததில்லை. சாட்சிக்கு ஊரே நிற்கிறது. விரல் ஆட்டின்மேல் போய்விட்டது. அப்போது நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். பெருமாள்சாமியின் நெற்றியில் வியர்வை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், இடது கை மடியில் கிடந்த துண்டைச் சுருட்டிப் பிடித்திருந்தது. அது தோளுக்கு ஏறினால் என்ன ஆகும் என்பது சங்கரசுப்புக்குத் தெரியும். வண்டியைப் பார்த்தார். வள்ளித்தாய் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கரசுப்பு அந்த ஆட்டிலிருந்து விரலை எடுத்து, வேறோர் ஆட்டை நகர்த்தினார்.

"ச்சு!" என்றார் தங்கசாமி.

புலி தாவியது. தாவினது மட்டுமல்ல, அந்த வழியாகக் கட்டுப்பட்டிருந்த மற்றப் புலிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்து மந்தைக்குள் புகுந்தன. நாலு ஆடு. நாலு பட்டை. ஏழாவது பட்டையைச் சங்கரசுப்பு கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தார். ஆட்டம் முடிந்தது.

பெருமாள்சாமி சிரிக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்த ஆட்டை ஏன் நகத்தினீரு?"

"தோத்துட்டேன், மாப்ள" என்றார் சங்கரசுப்பு.

கூட்டம் அசந்துபோயிற்று. அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. கெடுத்தது அதுதான். பெருமாள்சாமியின் முகம் கறுத்தது.

"நீரு தோத்தேன்னு சொல்லுதீரா? நீரா? அப்ப இதுல என்னமோ இருக்குவே. தோத்தப்பெல்லாம் விட்டேன்னு சொன்னவரு, இன்னைக்குத் தோத்தேன்னு சொல்லுதாரே! என்னை என்ன இளிச்சவாயன்னு நெனச்சீரா?" துண்டு மடியிலிருந்து கிளம்பிவிட்டது.

வண்டியில் பார்வதியம்மாள், நாத்தனாரின் கையை நழுவவிடாமல் இறுக்கிக்கொண்டாள். இப்போது சங்கரசுப்புவைக் காப்பாற்ற ஊரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? ஊரும் கைவிடவில்லை.

"மாப்ள, உக்காருங்க" என்று பெருமாள்சாமியின் கையைப் பிடித்தார் தங்கசாமி. "இவரு விட்டுக்கொடுத்தாரா? விட்டுக்கொடுக்க இவருகிட்ட என்ன இருக்கு? யுத்தம் தொடங்கின வருஷத்துல இருந்து எங்கிட்ட ஞாயித்துக்கெழம தவறாமத் தோத்துக்கிட்டு இருக்காரு. ஒருநாள் காய்ச்சல்ல தலை தூக்க முடியாம ஆடினேன். அன்னைக்கும் நான்தான் ஜெயிச்சேன்!"

"அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன்" என்றார் யாகூப். "ரெண்டு புலி கட்டினதே ஏதோ கை தவறி நடந்தது. அங்கன ஒரு ஓட்டை கெடந்துதுல்லா, மூணாவது புலி தாவுத எடம்? நாங்க அத்தனை பேரும் பார்த்தோம். அவரு கண்ணுக்கு மட்டும் தெரியல. என்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு?"

நின்றவர்கள் ஆளுக்கொரு சாட்சி சொன்னார்கள். இவ்வளவு வருஷமாக மரியாதைக்காக மனதில் வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்கு நல்ல காரியத்துக்காகக் கொட்டினார்கள். கொஞ்சம் சந்தோஷமாகவே கொட்டினார்கள். சங்கரசுப்பு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் ஒருவர்கூட நம்பவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெருமாள்சாமி அவரை உற்றுப் பார்த்தார்.

"அந்த ஓட்டை உமக்குத் தெரியலையா?"

சங்கரசுப்பு கல்லுக்கு மேலே குனிந்தார்.

"எந்த ஓட்டை, மாப்ள? எங்கன?"

பெருமாள்சாமி ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், வண்டி மாடு மிரண்டு திரும்பிப் பார்த்தது. "இங்கனவே, இங்கன! இந்த ஆட்டை இப்பிடித் தள்ளியிருந்தா என் புலி செத்துச்சு! கண்ணு முன்னால கெடக்கு, தெரியலங்கீரே!" என்று விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டினார். "அட ஆமா" என்றார் சங்கரசுப்பு. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமலே கையை வீசினார்: "வள்ளி, எறங்கு. உங்க அண்ணனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கவே நாலு நாள் ஆகும்போல இருக்கே!"

பார்வதியம்மாள் வள்ளித்தாயை அணைத்து இறக்கினாள். அவள் அழுததைப் பார்த்து வள்ளித்தாயும் அழுதாள். மத்தியானம் இலையில் உட்கார்ந்தும் பெருமாள்சாமி விடவில்லை. அப்பளத்தைப் புலியாகவும் கத்தரிக்காயை ஆடாகவும் வைத்து மச்சானுக்குப் பாடம் நடத்தினார். மச்சானும் தலையைத் தலையை ஆட்டினார். கை கழுவப் போனபோது பார்வதியம்மாள் பின்னாலேயே வந்து, குரல் தழுதழுக்க, "உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். சொன்ன மாதிரியே எப்பவும் போல ஆடினீங்க" என்றாள்.

‘விட்டேன்’ என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே வள்ளித்தாய் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஆமா" என்று சொல்லிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார் சங்கரசுப்பு. ஏழு பட்டை அல்லவா?

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கசாமியிடம் ஏழு ஆட்டைப் பறிகொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோள் மாற்றி, "நானாப் பார்த்து விட்டதுதான்" என்றார். ஆனி மாதம் அந்த வீட்டில் பெண்குழந்தை பிறந்தது. அன்றைக்கும் ஆடினார், அன்றைக்கும் விட்டார். விடாத நூற்றுக்கணக்கான ஆட்டங்களை விட்டதாக ஊரெல்லாம் சொன்னவர், விட்ட ஒன்றைப் பற்றி மட்டும் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

சரி, நம் கதைக்கு வருவோம். இதைப் படிக்கும்போது உங்களுக்கு உங்கள் மைத்துனர் ஞாபகம் வந்திருக்கும், ஆபீஸ் மேனேஜர் ஞாபகம் வந்திருக்கும், எதிர்வீட்டுக்காரர் கண்டிப்பாக வந்திருப்பார். சந்தோஷம். ஆனால் போன வாரம் வீட்டுக்காரியோடு வாதம் பண்ணி, பேச்சு மூச்சு எல்லாம் தீர்ந்த பிறகு, "சரி, நீ சொல்றதுதான் சரின்னு வச்சுக்குவோம்" என்று பெரிய மனதோடு எழுந்துபோனது யார்? ஊர்க் கமிட்டித் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனபோது, "நமக்கு எதுக்கு அந்தத் தொந்தரவுன்னு நானே ஒதுங்கிக்கிட்டேன்" என்று நாலு பேரிடம் சொன்னது யார்? எதற்கும் ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆள் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, "தோற்றுவிட்டேன்" என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் ‘ஆனால்’ என்று ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம். கதவைத் திறந்துகொண்டு வெளியே வாருங்கள், தெரு முழுக்க உங்கள் உறவுக்காரர்கள்தான்.